கோப்பிக் காசும் தேச ஜெபமும்

ஆகஸ்டு பிறந்தால் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மோட்டார் கைப்பிடிகளிலும் செம்பனை லோரிகளின் முகப்பிலும் தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் பறக்கத் தொடங்கும். அதே வாரத்தில் தமிழ்ச் சபைகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒரு தாள் ஏறும்: தேசத்துக்காக 40 நாள் உபவாச ஜெபம். ஆகஸ்டு 7 அன்று தொடங்கினால் செப்டம்பர் 15 நாற்பதாம் நாள். மறுநாள் மலேசிய தினம். இந்தக் கணக்கை வைத்துத்தான் பல சபைகள் நாள் குறிக்கின்றன.

கூட்டம் நன்றாகவே நடக்கும். ஆள் வரும், கண்ணீரும் வரும். ஆனால் பத்து நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டால் ஒன்று தட்டுப்படும். அங்கே மன்னிப்புக் கேட்கப்படும் பாவங்களில் பெரும்பாலானவை அந்த அறையில் இல்லாதவர்கள் செய்தவை. மந்திரிகளின் ஊழல், அதிகாரிகளின் பாரபட்சம், இளைஞர்களின் போதை, பக்கத்து வீட்டாரின் விக்கிரகம். "ஆண்டவரே, அவர்களை மன்னியும்." கேட்க இதமாக இருக்கும். இதற்கு வேதத்தில் வேறு பெயர் உண்டு. லூக்கா 18-இல் பரிசேயன் நின்று செய்த ஜெபமும் இதே அமைப்புதான். மற்றவர்களின் பாவங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, நான் அப்படி இல்லை என்று ஸ்தோத்திரம் செலுத்தினான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம் இருந்ததையும் சொல்லிக்கொண்டான்.

இந்தக் கூட்டங்களின் ஆதார வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். 2 நாளாகமம் 7:14: "என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி, என் முகத்தைத் தேடி, தங்கள் பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால்..." வினைகள் நான்கு: தாழ்த்துதல், ஜெபித்தல், தேடுதல், திரும்புதல். இரண்டாவதை மட்டும் பெரிதாக எடுத்துப் பதாகையில் அச்சிட்டுவிட்டு மற்ற மூன்றையும் சிறிய எழுத்தில் போடுகிறோம். அந்த நான்கும் யார்மேல் விழுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் மேல் விழவில்லை, புறஜாதியார் மேலும் விழவில்லை. "என் ஜனங்கள்" மேல் விழுகின்றன. சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணிய பிறகு ஓர் இரவில் கர்த்தர் அவனுக்குத் தரிசனமாகி, மழையடைப்பு, வெட்டுக்கிளி, கொள்ளைநோய் என்ற மூன்றையும் சொன்னதற்கு அடுத்தபடியாக வரும் வாக்கு இது. இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்டது. மலேசியா இஸ்ரவேல் இல்லை. ஆகவே 40 நாள் ஜெபித்தோம், இனி ரிங்கிட் ஏறவேண்டும் என்று ஒப்பந்தம்போல இதை நீட்ட முடியாது. நம் நிலைமைக்கு நெருக்கமான வசனம் எரேமியா 29:7 என்பேன். தங்களுடையதல்லாத பட்டணத்தில் சிறுபான்மையாய் வாழ்ந்தவர்களிடம், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்று எழுதிய கடிதம் அது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. அதிலும் பெரும்பகுதி சபா, சரவாக்கில். தீபகற்பத்துத் தோட்டப்புறத் தமிழ்க் கிறிஸ்தவர் அதற்குள் ஒரு கைப்பிடி.

தமிழில் ஜெபிப்பவர்களுக்கு ஓர் அளவுகோல் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. வேறு பல மொழிகளுக்கு அது இல்லை. நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. ஆண்டவரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது "நாங்கள்" என்றுதான் வரவேண்டும், ஏனென்றால் அந்தப் பாவத்தில் அவருக்குப் பங்கில்லை. நம் வேதாகமத்தில் தானியேல் 9:5 அப்படித்தான் நிற்கிறது: "நாங்கள் பாவஞ்செய்து, அக்கிரமக்காரராயிருந்து..." இப்போது ஜெபக் கூட்டத்தில் கவனியுங்கள். ஒருவர் "நாங்கள்" என்று தொடங்கி, மூன்றாம் நிமிடத்தில் "நாம் எல்லாரும் திருந்த வேண்டும்" என்று போனால், அவர் ஆண்டவரைவிட்டுத் திரும்பி பெஞ்சில் இருப்பவர்களுக்குப் பிரசங்கம் பண்ணத் தொடங்கிவிட்டார். "அவர்கள்" வந்தால் ஜெபம் குற்றப்பத்திரிகையாகிவிட்டது. கூட்டம் நடத்துகிற மூப்பர் இந்த மூன்று சொற்களை மட்டும் காதில் வைத்துக்கொண்டாலே, கூட்டம் எங்கே தடம் மாறுகிறது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

தானியேலிடம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அவர் பேரில் ஒரு குற்றத்தையும் வேதம் பதிவு செய்யவில்லை. எசேக்கியேல் அவரை நோவாவோடும் யோபோடும் ஒரே வரிசையில் வைக்கிறார். அப்படிப்பட்டவர், தான் சிறுவனாய் இருந்தபோது எருசலேமில் பெரியவர்கள் செய்த பாவத்துக்கு "நாங்கள்" என்கிறார். நெகேமியாவும் அப்படியே: "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்." அரமனையில் பானபாத்திரக்காரராய் வசதியாக இருந்தவர் அவர். கிஸ்லேயு மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம் ஜெபித்தார். அதன்பிறகு ராஜா என்ன வேண்டும் என்று கேட்டபோது கையில் பட்டியல் தயாராய் இருந்தது: எத்தனை நாள் விடுப்பு, எந்தெந்த அதிபதிகளுக்குக் கடிதம், வாசல் கதவுகளுக்கு எங்கிருந்து மரம். ஜெபித்த நான்கு மாதத்தில் அவர் கணக்கும் போட்டிருக்கிறார்.

பொதுவாகச் சொல்லும் "நாங்கள்" போதாது என்பதற்கு ஜெர்மனி ஒரு சாட்சி. போர் முடிந்த 1945-இல், அக்டோபர் 19 அன்று, ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஜெர்மன் சுவிசேஷ சபைத் தலைவர்கள் ஒரு குற்ற அறிக்கை வெளியிட்டார்கள். இன்னும் தைரியமாய்ச் சாட்சி சொல்லாமற்போனோம், இன்னும் உண்மையாய் ஜெபிக்காமற்போனோம் என்று தங்களையே குற்றஞ்சாட்டினார்கள். அதில் கையொப்பமிட்ட மார்ட்டின் நீமோலர், ஹிட்லரின் முகாம்களில் ஏழு ஆண்டுக்கு மேல் அடைபட்டவர். அவர் "நாங்கள்" என்றது பெரிய காரியம். ஆனாலும் அந்த அறிக்கையில் யூதர் என்ற சொல் இல்லை. லட்சக்கணக்கில் கொல்லப்பட்டவர்களின் பெயரைச் சொல்லாத மனஸ்தாபம் என்ற குறை இன்றுவரை அதன்மேல் இருக்கிறது. 1990 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் நகரத்தில் சபைகள் கூடியபோது நடந்தது வேறு. டச்சு சீர்திருத்த சபையின் இறையியலாளர் வில்லி யோங்கர் எழுந்து, நிறவெறி என்று பெயரைச் சொல்லி, தன் பாவத்தையும் தன் சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டார். டெஸ்மண்ட் டூட்டு எழுந்து அதை ஏற்றுக்கொண்டார். அந்த மாநாட்டு அறிக்கை, பறித்த நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றியும் பேசியது.

எவ்வளவு ஆழத்துக்குச் சொல்வது? பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பால்நாளங்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்தை ஒட்டி இருக்கும் மென்பகுதியில் ஓடுகின்றன. கத்தி மேலாகப் போனால் கோப்பையில் நாலு சொட்டு விழும். ஆழமாகப் போனால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள வளர்படையில் காயம்படும். மறுபட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு அந்தப் பக்கத்தில் கத்தியே ஓடாது. நல்ல கை, மரத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விட்டு நிறுத்தும். பாவ அறிக்கையும் அப்படியே. "எங்கள் குறைகளை மன்னியும்" என்பது தோலைச் சுரண்டுவது. அடுத்தவர் பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் சபை நடுவில் கொட்டுவது மரத்தைக் காயப்படுத்துவது. என் செயல், அதன் அளவு, அதனால் யாருக்கு நஷ்டம், அதை எப்படி ஈடுகட்டப் போகிறேன். நான்கும் இருந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

அதற்குத்தான் காகிதம். உபவாசம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, ஒவ்வொருவரும் வீட்டில் தனியாக உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் எழுதட்டும். தேசத்தில் எது கெட்டுக்கிடக்கிறது என்று முதல் வரியில். அதே கேடு என் கையில், என் வீட்டில் எந்த உருவத்தில் இருக்கிறது என்று இரண்டாம் வரியில். சங்கீதம் 139-இன் கடைசி இரண்டு வசனங்களை வாசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. யாரிடமும் காட்ட வேண்டாம். இரண்டாம் வரிதான் சிரமப்படுத்தும்.

முதல் வரியில் ஊழல் என்று எழுதினால் இரண்டாம் வரியில் கோப்பிக் காசு வரும். ரோட் டெக்ஸ் செத்துப்போன மோட்டாரோடு சாலைத் தடுப்பில் மாட்டி, சம்மனுக்குப் பதிலாக நீட்டிய 50 வெள்ளி. 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். கொடுத்த காசைத் திருப்பி வாங்க முடியாது. ஆனால் இந்த வாரமே ரோட் டெக்ஸ் எடுக்கலாம், லைசென்ஸைப் புதுப்பிக்கலாம், நிலுவையில் இருக்கிற சம்மனைக் கட்டலாம். அடுத்த தடுப்பில் கை நடுங்காமல் நிற்க முடிகிறதல்லவா, அந்த அளவுக்கு இந்தத் தேசத்தின் ஊழல் குறைந்துவிட்டது. சிறிய அளவுதான். ஆனால் உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட அளவு அதுதான்.

ஏழைகள் சுரண்டப்படுகிறார்கள் என்று எழுதினால் இரண்டாம் வரி இன்னும் கடினம். எஸ்டேட்டுகள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) வந்த பிறகு, நம்மில் பலர் முதலாளிகளாகியிருக்கிறோம். சிறிய அளவில்தான்: மளிகைக்கடை, பட்டறை, கேட்டரிங், லோரி கொந்திராக். நாலைந்து பேர் வேலைக்கு. சம்பளத்தில் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி வாரியச் சந்தா) பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது இந்த வட்டாரத்தில் சர்வசாதாரணம். யாக்கோபு 5:4 வேலையாட்களின் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. "பிடிக்கப்பட்ட" என்ற சொல்லை நாம் இங்கே எந்தப் பொருளில் பயன்படுத்துகிறோமோ அதே பொருள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 2025 முதல் நடப்பில் இருக்கும் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. மாதத்துக்கு 408. பன்னிரண்டு மாதம் கட்டாமல் விட்டால் 4,896 வெள்ளி. இது வாரியத்துக்குப் போக வேண்டியது. தாமதக் கட்டணம் தனி. இப்போது எண்ணாகமம் 5:7-ஐத் திறங்கள். பாவத்தை அறிக்கையிட்டு, முதலைக் கொடுத்து, அதோடே ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது. 4,896-இல் ஐந்தில் ஒரு பங்கு 979 வெள்ளி 20 காசு. அது அந்தத் தொழிலாளியின் கையில் நேராகக் கொடுக்க வேண்டிய காசு. சகேயு நாலத்தனை கொடுத்தான். அது நியாயப்பிரமாணம் கேட்டதைவிட அதிகம். மொத்தமாகக் கட்ட வசதியில்லாவிட்டால் வாரியத்தின் கிளையில் தவணை கேட்கலாம். அப்படிக் கேட்கப் போவது அவமானம் என்று தோன்றினால், தாழ்த்துதல் என்ற முதல் வினை அந்த முகப்பில் நிற்கும்போது நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டியும் அப்படித்தான். ஆ லோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரனைத் திட்டி ஜெபிக்காத கூட்டம் இல்லை. அதே வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தோழிக்கு 1,000 வெள்ளி கொடுத்து மாதம் 100 வெள்ளி வாங்கிக்கொண்டிருப்பார். ஒரு வருஷத்தில் வட்டி மட்டும் 1,200. முதல் அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற கடன்காரர்கூட, அடமானமில்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ஆயிரத்துக்கு 180 வெள்ளி. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவதே குற்றம். நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் கண்டித்த வட்டி எவ்வளவு தெரியுமா? "நூற்றுக்கொன்று." மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று பலர் பொருள் கொள்கிறார்கள். நாம் நூற்றுக்குப் பத்தில் நிற்கிறோம். அவர் அந்த மக்களைப் போய் ஜெபியுங்கள் என்று சொல்லவில்லை. நிலத்தையும் தோட்டத்தையும் வீட்டையும் வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார், ஆசாரியர்களை அழைத்து ஆணையிடச் செய்தார், தன் அங்கியை உதறிக் காட்டினார்.

அந்நியத் தொழிலாளர் விஷயத்தில் நம் வாய்தான் முதலில் தண்டனைக்கு உரியது. செம்பனைத் தோட்டங்களில் இன்று குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். நம் தாத்தாக்கள் படுத்த லயத்தில் அவர்கள் படுத்திருக்கிறார்கள். நம் தாத்தாவைத் துரையும் கங்காணியும் எந்தச் சொல்லால் அழைத்தார்களோ, அதற்குச் சமமான சொல்லை நம் பிள்ளைகள் அவர்களுக்கு வைத்திருக்கிறார்கள், நம்மிடமிருந்து கற்றுக்கொண்டு. கடையில் வேலை செய்யும் நேப்பாளத்துப் பையனின் பாஸ்போர்ட்டை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தால், 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். அவன் கையில் கொடுத்துவிட்டு வந்து ஜெபத்தில் உட்காரலாம். மத்தேயு 5:24 காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறது, காத்திருக்கும்.

சாதியைப் பற்றி ஒரு வரி எழுதாத காகிதத்தை நான் நம்ப மாட்டேன். தேசத்தில் இனப் பாகுபாடு ஒழிய வேண்டும் என்று ஜெபித்துவிட்டு, வரன் பார்க்கும்போது "எந்த ஆளுங்க" என்று விசாரிக்கும் வீடு எத்தனை என்று சபைக்கே தெரியும்.

காகிதத்தில் எழுதியதெல்லாம் கூட்டத்தில் வாசிப்பதற்கு இல்லை. இங்கேதான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. தனிப் பாவம் தனியாக. இருவர் நடுவில் நடந்தது அந்த இருவர் நடுவில். சபையாகச் செய்தது சபையில். ஒழுக்கப் பாவங்களைக் கூட்டத்தில் பெயரோடு அறிக்கையிட்டால் பாதிக்கப்பட்டவர் இரண்டாவது தடவை அடிபடுகிறார். கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. குருவானவர் வாய் திறக்கக் கூடாது, பரிகாரமும் அதன் ஓர் அங்கம். மற்ற சபைகளில் போதகரோ, வாயடக்கமுள்ள ஒரு மூப்பரோ போதும். ஆனால் ஒரு பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் வெளிவந்தால், அது ஜெபித்து மூடி வைக்கும் விஷயமே இல்லை. 2017-ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். அன்றைக்கே போலீசுக்குப் போக வேண்டும். தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. "அவர் மனந்திரும்பிவிட்டார்" என்ற வாக்கியத்தோடு யாராவது வந்தால், மனந்திரும்பியவர் போலீஸ் நிலையத்துக்குத் தானே வருவார் என்று பதில் சொல்லலாம்.

இனி கூட்டம். தோட்டப்புறத்தில் நேரம் குறிப்பதே பாதி வேலை. தோட்ட வேலை விடியலுக்கு முன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) தொடங்குகிறது, பேக்டரி பஸ் ராத்திரி ஏழு மணிக்கும் ஆளை இறக்கிவிடும். ஆகவே இரவு 8 மணி முதல் 10 வரை. அதைத் தாண்ட வேண்டாம். தூங்கி வழிகிறவரால் எதையும் அறிக்கையிட முடியாது. 12 முதல் 15 பேர் வட்டமாக உட்காருவது நல்ல அளவு. அதற்கு மேல் போனால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் நாலு பேர் ஜெபிப்பார்கள், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள்.

நேரத்தைப் பங்கிட நெகேமியா 9:3 நல்ல அளவு. பகலில் கால்பங்கு வேத வாசிப்பு, இன்னொரு கால்பங்கு பாவ அறிக்கையும் ஆராதனையும். சரிக்குச் சரி. நம் கூட்டங்களில் ஒரு வசனம் வாசித்துவிட்டு ஒன்றே முக்கால் மணி நேரம் பேசுகிறோம். பேச்சு தீர்ந்ததும் சத்தம் கூடுகிறது. 45 நிமிடம் வாசியுங்கள். தானியேல் 9, நெகேமியா 9, ஏசாயா 58, யோவேல் 2, சங்கீதம் 51: விளக்கமில்லாமல், நிதானமாக, ஆளுக்குக் கொஞ்சமாக. பிறகு 5 நிமிடம் மௌனம். தமிழ்ச் சபைகளுக்கு மௌனம் என்றால் பயம். யாராவது உடனே பாட்டு எடுத்துவிடுவார்கள். எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்புறம் அறிக்கை, ஒருவருக்கு இரண்டு நிமிடம். மணி பார்க்க ஓர் ஆள் வேண்டும். நீட்டி ஜெபிப்பவர் பெரியவராயிருந்தால் நடத்துநர் "ஆமென், ஐயா" என்று மெதுவாக முடித்துவைக்கலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கடைசி அரைமணி பரிந்து பேசும் ஜெபத்துக்கும் ஸ்தோத்திரத்துக்கும்.

நெகேமியா 9 முழுவதும் சரித்திரம். ஆபிராம் தொடங்கித் தங்கள் நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டு போய், அதற்குள்ளே பாவத்தை வைக்கிறார்கள். ஒரு நாளாவது இந்த ஊர்ச் சரித்திரத்தை அப்படி வாசிக்கலாம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. 1960-இல் துன் சம்பந்தன், இதே ஊர்க்காரர், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். 1969 மே 13 இனக் கலவரம். அதன்பின் வந்த வேலை பெர்மிட் சட்ட அமலில், குடியுரிமை இல்லாத எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் கப்பலேறின. 1970 ஆகஸ்டு 31 அன்று ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு. அதன் முதல் கோட்பாடே இறைவன்மீது நம்பிக்கை வைத்தல். இவற்றை வாசிக்கும்போது ஸ்தோத்திரமும் கலக்கமும் மாறி மாறி வரும். சம்பந்தன் ஐயாவின் கூட்டுறவுக்கு நன்றி சொல்லும் அதே வாயால், இப்போது நம் சங்கங்களில் நாற்காலிக்காக அடித்துக்கொள்வதையும் அறிக்கையிட வேண்டியிருக்கும்.

தலைவர்களுக்காக ஜெபிக்கும் பகுதி சுருக்கமாயிருந்தால் நல்லது. 1 தீமோத்தேயு 2:1 நான்கு சொல் தருகிறது: விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம். நாலாவதை மறந்துவிடுகிறோம். பவுல் இதை எழுதிய காலத்தில் ராஜா நல்லவனும் இல்லை. பேராக்கில் 24 நாடாளுமன்றத் தொகுதி, 59 சட்டமன்றத் தொகுதி. எல்லாவற்றையும் அள்ளிப்போட வேண்டாம். ஓர் இரவுக்கு ஒரு பதவி போதும். மாமன்னர், சுல்தான், பிரதமர், மந்திரி புசார் (மாநில முதலமைச்சர்), நம் நாடாளுமன்ற உறுப்பினர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், கிளினிக் கெசிஹாத்தானில் மருந்து கொடுக்கிறவர், சாக்கடை அடைப்பு எடுக்க வரும் நகராண்மைக் கழகத்துத் தொழிலாளி. கட்சிப் பெயர் வாயில் வரக் கூடாது. வந்தால் அன்றோடு கூட்டம் இரண்டாகும். சபா, சரவாக்குக்கு ஓர் இரவை ஒதுக்குங்கள். செப்டம்பர் 16 அவர்களுடைய நாள், நாம் பெரும்பாலும் விடுமுறை என்று மட்டும் நினைத்திருக்கிறோம்.

எதிர்மதத்தாரைச் சத்துரு என்று அழைத்துக் கட்டி ஜெபிக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாய் இருக்கிறது. பக்கத்து வீட்டில் முனீஸ்வரனுக்குப் பூசை செய்யும் அத்தை மகன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எபேசியர் 6:12 போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் இல்லை என்கிறது. ஒலிபெருக்கியை எடுத்து உள்ளே வையுங்கள். 15 பேர் உள்ள அறைக்கு அது எதற்கு? பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தின் குழந்தை எட்டரைக்குத் தூங்கும். வாட்ஸ்அப்பில் "அவசர ஜெபக்குறிப்பு" என்று வரும் இன, மதக் கலவரச் செய்திகளை, எங்கே, எப்போது என்று விசாரிக்காமல் அனுப்புவதும் பொய்ச்சாட்சிதான். காகிதத்தில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

உபவாசத்தில் பெரிய தவறு உடம்பைப் பார்க்காமல் இறங்குவது. இனிப்பு நீர் இல்லாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கம் அபூர்வம். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வேளை தவறவிடக் கூடாது. சாப்பாடில்லாமல் மருந்து மட்டும் உள்ளே போனால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுக்கம், வேர்வை, தலை கிறுகிறுப்பு, அர்த்தமில்லாத கோபம் எல்லாம் அதன் அடையாளங்கள். அது ஆவியின் அபிஷேகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கருவியில் 4-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அன்றைய உபவாசம் அதோடு முடிந்தது. வெயிலில் 20 கிலோ குலையை வெட்டித் தூக்குகிறவர் தண்ணீரில்லா உபவாசம் இருக்கவே கூடாது. காலைப் பசியாறுவதை மட்டும் விடலாம், அல்லது ஒரு வேளைக்கு இறைச்சியை விடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பசியில் நிற்க வேண்டாம். அவர்கள் டிக்டாக்கை 40 நாள் விடட்டும், அது பலருக்குச் சோற்றை விடுவதைவிடக் கடினம். விடுகிற சாப்பாட்டின் காசு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு வேளைக்கு 8 வெள்ளி என்றால் 40 நாளில் 320 வெள்ளி. ஏசாயா 58:7 பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கச் சொல்கிறது. அது மிச்சப்படுத்தும் திட்டமாகிவிடக் கூடாது. அதே அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில் தேவன் குறைசொல்வது, உபவாச நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறவர்களைத்தான்.

முதல் வாரம் 15 பேர் வருவார்கள். மூன்றாம் வாரத்தில் ஆறு பேர்தான் இருப்பார்கள். பெரும்பாலும் மழை, ஷிப்ட், பிள்ளைகளின் பரீட்சை. சில பேர் காகிதத்தின் இரண்டாம் வரியை எழுதிவிட்டு வராமல் நிற்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் உபதேசம் பண்ண வேண்டாம். ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டு வாருங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று உள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும்.

நாற்பதாம் நாளில் சாட்சி கூட்டம் வைப்பார்கள். அங்கே மைக்கைப் பிடித்து யாருக்கு எவ்வளவு திருப்பிக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். வாங்கியவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். ஸ்தோத்திரம் மட்டும் போதும், சாப்பாடும் போதும்: கஞ்சி, பிறகு சோறு. அந்த நாள் செப்டம்பர் 15. ஆகஸ்டு மாதச் சம்பளத்துக்கான ஈபிஎஃப் கட்ட வேண்டிய கடைசி நாளும் அதுதான். கட்டிவிட்டு வந்தால் கூட்டத்துக்குச் சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை.